லைலுக்கு இருக்கும் அளவு எனக்கும்

2019ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள், சனிக்கிழமை. காலையில் ஏரியின்மீது மூடுபனி படிந்திருந்தது. ஒன்பது மணிக்குப் பின் வடகிழக்குக் காற்று எழுந்து அதனைக் கலைத்தது. பகல் முழுதும் வானம் ஈயத்தகடுபோல் வெளுத்திருந்ததேயன்றி மழை விழவில்லை. இடுப்பளவு நீரில் இறங்கியவனுக்குக் குளிர் எலும்புவரை சென்று உறைக்கும் நாள் அது.

விஸ்கான்சின் மாநிலத்தின் அச்சிற்றேரிக் கரையில், மே மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை படகுத்துறை இறக்கும் நாளாகும். குளிர்காலம் முழுதும் புல்வெளியில் அடுக்கிக் கிடந்த துறைப் பலகைகளை, மார்பு வரை ஏறும் ரப்பர் உடுப்பு அணிந்த ஆண்கள் சுமந்து சென்று நீருக்குள் இரும்புக் கால்களின்மீது பொருத்துவர். இதனை எவரும் தனியே செய்வதில்லை. வெண்டல் டெஷும் அவனுடைய அடுத்த வீட்டுக்காரனான லைல் வாண்டர்லூப்பும் பத்தொன்பது ஆண்டுகளாக முதலில் லைலின் துறையையும் பின்னர் வெண்டலின் துறையையும் இறக்கிவிட்டு, சுட்ட சாசேஜும் பீருமாக மாலைப்பொழுதைக் கழித்து வந்தனர்.

அன்று வெண்டல் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு வேலியருகே சென்றபோது, ஒரே நிறச் சட்டை அணிந்த மூன்று அந்நியர்கள் லைலின் துறையில் பாதியை இறக்கி முடித்திருந்தனர். லைலோ உலர்ந்த காலணியோடு, கையில் காப்பிக் கோப்பையுடன் கரையில் நின்றிருந்தான்.

"என்னடா இது? யாரு இவனுங்க?"

"கூலிக்குப் பிடிச்சேன். கோவிச்சுக்காதடா. பக்கத்து வீட்டுக்காரனைத் தண்ணிக்குள்ள இறக்காத, முதுகு பிடிச்சுக்கிச்சுன்னா கேஸ் உன் தலையிலதான்னு என் இன்சூரன்ஸ் ஏஜென்ட் கத்துறான்."

"பத்தொம்பது வருஷமா என் முதுகு உனக்கு நல்லாத்தானே இருந்துச்சு?"

"அப்ப அதுக்கு வயசு இருபத்தொம்பது. இப்ப நாப்பத்தெட்டு." லைல் சிரித்தான். "ஆமா, நீ குடைக் காப்பீடு எவ்வளவு வெச்சிருக்க?"

"என்ன குடை?"

"யாராவது கேஸ் போட்டா வீட்டுப் பாலிசி, கார் பாலிசி எல்லாம் தீர்ந்த பிறகு மேல நின்னு கொடுக்கும் பாரு, அது. நான் அஞ்சு மில்லியன் வெச்சிருக்கேன். நீயும் ஒண்ணு போட்டு வைடா. வா, உன் துறையை நான் வந்து இறக்கித் தர்றேன்."

லைல் வாக்களித்தபடியே வந்தான். இரண்டு மணி நேரம் நீரில் நின்றான். ஆயினும் வெண்டலுக்கு மனம் ஆறவில்லை. தன் முதுகு லைலுக்கு ஓர் ஆபத்தாகிவிட்டது, லைலின் முதுகோ தனக்கு ஆபத்தாகவில்லை என்பதை அவன் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்தான். லைலுக்கு மூன்று இடங்களில் கார் கழுவும் நிலையங்கள் இருந்தன. வெண்டல் வீடுகளைச் சூடேற்றும் உலைகளைப் பழுதுபார்ப்பவன். இந்த வேறுபாட்டை அவன் ஒருவாறு பழகியிருந்தான். லைலின் புதுப் படகை மன்னித்திருந்தான். நிலையத்துக்கு நிலையம் பெருகிய வருமானத்தையும் மன்னித்திருந்தான். பிறர் வந்து பறித்துக்கொள்ளக்கூடும் என்று அஞ்சும் அளவுக்கு ஒருவனிடம் செல்வம் இருப்பதை மட்டும் அவனால் மன்னிக்க இயலவில்லை. ஐந்து மில்லியன் என்பது அவன் காதில் ஒரு பட்டத்தைப்போல ஒலித்தது.

இரவு உணவின்போது அவன் மனைவி ஜோலீன் அறியாமலேயே எண்ணெய் வார்த்தாள்.

"லைல் சொல்றது சரிதானே வெண்டல்? அவன் எதையும் முன்கூட்டியே யோசிக்கிற ஆளு. பிரென்னாவுக்கு லைசன்ஸ் வந்து ஆறு வாரமாச்சு. நாமளும் யோசிக்கணும். வருஷத்துக்கு ஆயிரம் டாலருக்குள்ள முடியுமான்னு கேட்டுட்டு வா. அதுக்கு மேல நம்மால ஆகாது."

"லைல் யோசிச்சா நானும் யோசிக்கணுமா?"

"யோசிச்சா ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்ட" என்றாள் ஜோலீன். பதினாறு வயது மகள் பிரென்னா தட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

திங்கட்கிழமை வெண்டல் லோர்னா அம்மையாரின் அலுவலகத்திற்குச் சென்றான். அவர் அவ்வூரில் முப்பது ஆண்டுகளாகக் காப்பீட்டு முகவர். டெஷ் குடும்பத்தின் வீட்டுப் பாலிசி அவரிடமே இருந்தது. கார் பாலிசியை மட்டும் வெண்டல், விலை மலிவு என்பதற்காகத் தொலைபேசிவழி விற்கும் வேறொரு கம்பெனியில் எடுத்திருந்தான். அம்மையார் அதன் தாளை வாங்கி மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்தார்.

"ஒரு ஆளுக்கு அடிபட்டா ஐம்பதாயிரம்தானா? வெண்டல், பதினாறு வயசுப் பொண்ணு கார் ஓட்டுற வீடு இது. முதல்ல இதை ரெண்டரை லட்சமா ஏத்துங்க. அப்பத்தான் நான் மேல குடைக் காப்பீடு தர முடியும். மேல ஒரு மில்லியன் போட்டா உங்களுக்குத் தாராளம். எல்லாம் சேர்த்து, ஜோலீன் கேட்டான்னு சொன்னீங்களே, அந்த ஆயிரத்துல அடங்கிடும்."

"அஞ்சு போடுங்க."

"அஞ்சு மில்லியனா?" அம்மையார் தாளை மேசைமீது வைத்தார். "கோவிச்சுக்காதீங்க. உங்ககிட்ட இருந்து பிடுங்குறதுக்கு என்ன இருக்கு?"

அவர் அன்போடுதான் கேட்டார். அந்த அன்பே வெண்டலுக்கு முள்ளாயிற்று. லைலின் முகவர் லைலிடம் ஒருபோதும் இவ்வாறு கேட்டிருக்க மாட்டார் என்று அவன் எண்ணினான்.

"இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அஞ்சு" என்றான்.

அம்மையார் பெருமூச்சு விட்டு, இடக்கையை மேசைக்குச் சற்று மேலே விரித்துப் பிடித்தார். "சரி. இதை மட்டும் கேட்டுக்கோங்க. இது கார் பாலிசி, ரெண்டரை லட்சம் வரைக்கும்." வலக்கையை அதன்மேல் ஒட்டினாற்போல் வைத்தார். "இது குடை. கீழ் கை முடியுற இடத்துல மேல் கை ஆரம்பிக்கும். பின்னாடி நீங்க கீழ் கையை இறக்கினாலும் மேல் கை இங்கேயேதான் நிக்கும், கீழ வராது." இடக்கையை மெல்ல இறக்கிக் காட்டினார். "நடுவுல தெரியுது பாருங்க காலி இடம், அது உங்க வீடு."

"புரியுது, புரியுது."

கார் பாலிசியை உயர்த்திய தாளை அவன் கொண்டுவந்து கொடுத்தான். ஐந்து மில்லியனுக்குக் கையெழுத்திட்டான். ஆண்டுக் கட்டணம் ஆயிரத்து ஐந்நூற்றைத் தாண்டியது. ஜோலீனிடம் ஆயிரம் என்றே கூறினான். தொகையை மறைத்த மூன்றாம் வாரத்தில், அவள் வேலைக்குச் சென்றிருந்த நேரம் பார்த்து, கார் காப்பீட்டுக் கம்பெனியைத் தொலைபேசியில் அழைத்து, உயர்த்திய வரம்பை மீண்டும் ஐம்பதாயிரத்திற்கே இறக்கினான். அதற்குப் பதினொரு நிமிடங்களே ஆயின. தலைக்கு மேல் ஐந்து மில்லியன் நிற்கையில் காலடியில் இரண்டு லட்சம் குறைந்தால் யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று அவன் தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டான். இறக்கினால் அவன் சொன்ன ஆயிரம் மெய்யாகிவிடும். ஐந்தை இரண்டாகக் குறைத்திருந்தாலும் ஏறத்தாழ மெய்யாகியிருக்கும்; அவ்வழி அவன் சிந்தையில் தோன்றவேயில்லை.

ஜூலை நான்காம் நாள் சுதந்திர தின விருந்து லைலின் புல்வெளியில் நடந்தது. வெண்டல் தக்க தருணத்திற்காக ஒரு மணி நேரம் காத்திருந்து, சாசேஜைப் புரட்டிக்கொண்டிருந்த லைலின் அருகே சென்றான்.

"அந்தக் குடைக் காப்பீடு போட்டுட்டேன்டா."

"பரவாயில்லையே! எவ்வளவு?"

"உன்னது எவ்வளவுன்னு சொன்ன? அஞ்சா? ஆமா, நானும் அதேதான். அதுக்குக் கீழ வெச்சா நிம்மதி இல்லைன்னு லோர்னா சொன்னாங்க."

லைல் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு அவன் தோளைத் தட்டினான். "அடேங்கப்பா! உலை ரிப்பேர்ல இவ்வளவு காசா? நான்தான் தெரியாம கார் கழுவிக்கிட்டு இருக்கேன்போல."

சுற்றியிருந்தோர் சிரித்தனர். அச்சிரிப்பில் ஏளனமில்லை என்று வெண்டலுக்குத் தோன்றிற்று. ஏழு வாரங்கள் அவன் நிமிர்ந்து நடந்தான்.

ஆகஸ்டு 22 அன்று மாலை, சாய்ந்த வெயிலில் கண் கூசும் நேரத்தில், பிரென்னா ஐஸ்கிரீம் கடையிலிருந்து காரை எடுத்து ஏரிச்சாலையில் இடப்புறம் திரும்பினாள். எதிரே மிதிவண்டியில் வந்தவனை அவள் காணவில்லை. அவன் லைல் வாண்டர்லூப்.

இடுப்பெலும்பும் வலது மணிக்கட்டும் முறிந்தன. மூன்றாம் நாள் வெண்டல் மருத்துவமனைக்குச் சென்றபோது லைல் வெளிறிய முகத்தோடு படுத்திருந்தான். எனினும் அவனே முதலில் பேசினான்.

"பிரென்னாவை அழ வேணாம்னு சொல்லு. நானும் அந்த வெயில்ல எதையும் பார்க்கல."

"லைல், நான் என்ன சொல்றதுன்னே…"

"ஒண்ணும் சொல்லாத. என் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுக்கிற கம்பெனி அதைத் திருப்பி வாங்கச் சொல்லி உயிரை எடுக்குது. அதனால என் வக்கீல் ஒரு கடுதாசி போடுவான். அதுல உன் பேரு, பிரென்னா பேரு எல்லாம் இருக்கும். மனசுல வெச்சுக்காதடா. நான் கேக்குறது உன்னை இல்ல, உன் இன்சூரன்ஸ் கம்பெனியை. நல்ல வேளை, அஞ்சு மில்லியன் வெச்சிருக்க."

வெண்டல் தலையை ஆட்டினான். அறையில் வேறு எவரும் இல்லை. உண்மையைச் சொல்வதற்கு அதைவிட எளிய இடம் அவனுக்குப் பின்னர் வாய்க்கவில்லை.

வழக்கறிஞரின் கடிதம் இரண்டு லட்சத்து முப்பதாயிரம் டாலர் கோரியது. லோர்னா அம்மையார் அதைப் படித்தார். கார் பாலிசியின் புதிய தாளையும் படித்தார். பின்னர் இரண்டு கைகளையும் மேசைக்கு மேலே ஒன்றுக்குமேல் ஒன்றாக, நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டுப் பிடித்துக் காட்டினார். வெண்டலுடன் வந்திருந்த ஜோலீனுக்கு அது விளங்கவில்லை.

"என்ன லோர்னா இது?"

"மேல இருக்கிற அஞ்சு மில்லியன் ரெண்டரை லட்சத்துக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும், ஜோலீன். இந்தக் கேஸ் அங்க எட்டவே இல்ல. கீழ ஐம்பதாயிரம் இருக்கு. மிச்சம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் நீங்க கொடுக்கணும்."

கேரேஜில் வண்டி நின்றபின் ஜோலீன் கேட்டாள். "யாரைப் பார்த்து எடுத்த அஞ்சு?"

வெண்டல் வண்டிச் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டான்.

"லைலைப் பார்த்து ஒரு பாலிசி எடுத்த. உன் பொண்ணு லைலையே இடிச்சா. அப்பவும் அது உதவல. பிரென்னா காலேஜுக்குப் போற வரைக்குமாவது நமக்கு இந்த வீடு இருக்குமா, வெண்டல்? அதை மட்டும் சொல்லு."

கார் காப்பீட்டுக் கம்பெனி அவர்களுக்கென அமர்த்திய வழக்கறிஞர் ஒரே ஒரு வழி கூறினார். லைல் அந்த ஐம்பதாயிரத்தைப் பெற்றுக்கொண்டு, இனிக் கேட்பதில்லை என்று எழுதிக் கொடுத்தால் வீடு தப்பும். அவ்வாறு ஒருவன் விட்டுக்கொடுக்க வேண்டுமானால், எதிராளியிடம் பறிப்பதற்கு ஒன்றுமில்லை என்பதை அவன் நம்ப வேண்டும். ஆகவே வெண்டல் தன் உடைமை யாவற்றையும் சத்தியப் பிரமாணத்தின்மீது எழுதித் தருதல் வேண்டும்.

சமையலறை மேசையில் இருவரும் அமர்ந்தனர். கடன் மீதமுள்ள வீடு, சிறிய ஓய்வூதியச் சேமிப்பு, பிக்கப் வண்டி, அலுமினியப் படகு, மான் வேட்டைத் துப்பாக்கி. பிக்கப் வண்டிக்கு வெண்டல் பதினெட்டாயிரம் என்று எழுதினான்.

ஜோலீன் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். "அந்தத் துருப்பிடிச்ச வண்டிக்கா?"

"டயர் புதுசு."

"வெண்டல். எவ்வளவு குறைவா இருக்கோ அவ்வளவுக்கு வீடு தப்பும்னு வக்கீல் சொன்னப்ப நீயும்தானே பக்கத்துல உக்காந்திருந்த?"

"இதை லைல் படிப்பான்" என்றான் அவன்.

ஜோலீன் நிமிர்ந்து அவனை நோக்கினாள். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கிற்று. அவள் பேனாவை அவன் கையிலிருந்து எடுத்து, பதினெட்டை அடித்துவிட்டு, விற்பனை விலைப் பட்டியலைக் கைப்பேசியில் பார்த்து, ஆறாயிரத்து நானூறு என்று தன் கையெழுத்தில் எழுதினாள்.

அக்டோபர் மூன்றாம் நாள் வெண்டல் அந்தத் தாளோடு லைலின் வரவேற்பறையில் நின்றான். லைல் ஊன்றி நடக்கும் நடைச்சட்டத்தை அருகே நிறுத்திவிட்டு, இடக்கையால் தாளை ஏந்திப் படித்தான்.

"என்னடா இது? எதுக்கு எனக்கு உன் துப்பாக்கி விலை?" என்று சிரித்தவன், இரண்டாம் பக்கத்தில் கார் பாலிசியின் தொகையைக் கண்டு நிறுத்தினான். "ஐம்பதாயிரம்னு போட்டிருக்கு. அப்ப அஞ்சு மில்லியன்?"

"அது மேல இருக்கு. கீழ ஐம்பதாயிரம். நடுவுல இருக்கிறது நான்தான்."

"உன்கிட்ட அஞ்சு இருக்குன்னு நம்பித்தான் நான் வக்கீலையே வெச்சேன்." லைலின் குரலில் முதன்முறையாகச் சூடு ஏறியது. "இல்லைன்னா உன் பேர்ல கடுதாசி அனுப்பியிருப்பேனா? என் இடுப்புல ரெண்டு ஆணி அடிச்சிருக்காங்க வெண்டல். பாத்ரூமுக்குப் போக ஆள் வேணும். ஆஸ்பத்திரியில நான் உன்கிட்ட அஞ்சுன்னு சொன்னப்ப தலையை ஆட்டின பாரு, அது எதுக்கு?"

"நீ வெச்சிருக்கேன்னு நானும் வெச்சேன். அதைக் கட்டத்தான் கீழ இறக்கினேன்."

லைல் தாளை மடித்தான். அவன் கோபம் எவ்வாறு வந்ததோ அவ்வாறே போய்விட்டதை வெண்டல் கண்டான். கோபம் நீடித்திருந்தால் அவனுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

"சரி விடு. எனக்குப் பணம் வரும். இந்த மாதிரி ஆளுங்களுக்குன்னே தனியா ஒண்ணு போட்டு வெச்சிருக்கேன்."

"எந்த மாதிரி ஆளுங்களுக்கு?"

"குறைச்சலா பாலிசி வெச்சிருக்கிறவன் வந்து இடிச்சான்னா, மிச்சத்தை என் கம்பெனியே எனக்குக் கொடுத்துடும். வருஷத்துக்கு ஏதோ சில்லறைதான்." லைல் இதை அவனைக் குத்துவதற்காகக் கூறவில்லை. "ஆனா கொடுத்ததை உன்கிட்ட இருந்து வசூல் பண்ண அவங்களுக்கு உரிமை இருக்கு. இந்தத் தாளை அனுப்பறேன். உன்னைத் துரத்தப் போறாங்களா, விட்டுடப் போறாங்களான்னு முப்பது நாள்ல சொல்லணும். அது என் கையில இல்ல."

வெண்டல் வீட்டிற்கு நடந்தான். எத்தனையோ ஆண்டுகளாகத் தன்னோடு பீர் அருந்திக்கொண்டே லைல், வெண்டலைப் போன்றவர்களிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் சில்லறை கட்டி வந்திருக்கிறான். அந்தப் பாதுகாப்பின் பெயரில் தன் பெயர் இல்லை. ஆனால் அதை எழுதியவர்கள் தன்னை நேரில் பார்த்து எழுதியதுபோல் இருந்தது.

அந்த நான்கு வாரங்களும் அவ்வீட்டில் எவரும் உரக்கப் பேசவில்லை. பிரென்னா காரைத் தொடவில்லை. ஜோலீன் அஞ்சல் பெட்டியை நாள்தோறும் இருமுறை திறந்து பார்த்தாள். ஒருமுறை அவள், வாடகை வீட்டு விளம்பரம் ஒன்றைக் கத்தரித்து இழுப்பறையில் வைத்திருந்ததை வெண்டல் கண்டான், கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 31, வியாழக்கிழமை பிற்பகல் லைல் அவர்களைத் தொலைபேசியில் அழைத்தான். வெண்டலும் ஜோலீனும் சென்றபோது லோர்னா அம்மையார் முன்னமே வந்திருந்தார். அவர் அவ்வூரின் நோட்டரியும் ஆவார். லைல் தன் கம்பெனியின் கடிதத்தை உரக்கப் படித்தான்.

"கேளுங்க. 'திரு. வெண்டல் டெஷ் அவர்களின் உடைமைகளை ஆராய்ந்ததில், அவரிடமிருந்து வசூலிக்க மேற்கொள்ளும் முயற்சி அதற்காகும் செலவுக்கு ஈடாகாது எனக் கருதுகிறோம். எங்கள் உரிமையைக் கைவிடுகிறோம்.' தப்பிச்சடா!"

ஜோலீன் நாற்காலியில் அமர்ந்து இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். லோர்னா அம்மையார் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். வீடு தப்பியது, அதை வெண்டலும் உணர்ந்தான். ஆயினும் அவனுக்குள் ஏதோ ஒன்று எழுந்து, அந்தக் கம்பெனிக்காரர்கள் வந்து பிக்கப் வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கலாமே என்று முணுமுணுத்தது.

"சிரிடா" என்றான் லைல்.

"சிரிக்கிறேன்."

லோர்னா அம்மையார் விடுதலைப் பத்திரத்தை விரித்தார். லைலின் வலக்கை இன்னும் தேறவில்லை. அவன் பேனாவை இடக்கையில் பற்றி, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, பள்ளிச் சிறுவனைப்போல் கோணலாகக் கையெழுத்திட்டான். ஒரு லட்சத்து எண்பதாயிரம் டாலரை அவன் இவ்வாறு, நடுநடுவே, சாசேஜ் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லிக்கொண்டே விட்டான். அதை விடுவதால் அவனுக்கு எதுவும் குறையவில்லை. வெண்டல் தன் ஆயுளில் லைலின் படகையும், நிலையங்களையும், உலர்ந்த காலணியையும் கண்டு ஏங்கியிருக்கிறான். எதைக் கண்டும் இந்தக் கோணல் கையெழுத்தைக் கண்டதுபோல் ஏங்கியதில்லை.

"வெண்டல்" என்று அழைத்தார் லோர்னா அம்மையார், தம் பையிலிருந்து வேறொரு படிவத்தை எடுத்தவாறே. "இங்கேயே முடிச்சிடலாம். கீழ ரெண்டரை லட்சம். மேல எவ்வளவு?"

வெண்டல் லைலைப் பார்த்தான். லைல் சன்னல் வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இந்தக் கேள்வியில் அக்கறையே இல்லை. வெண்டலின் நாவில் அந்தப் பழைய எண் வந்து நின்றது.

"ஒண்ணு" என்றாள் ஜோலீன், முகத்தைத் துடைத்துக்கொண்டே. "அவருக்கு ஒண்ணு போதும்."

"ஒண்ணு" என்றான் வெண்டல்.

அவன் கையெழுத்திட்டான். அம்மையார் இரு தாள்களிலும் முத்திரையை அழுத்திவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, நாளையும் நேரத்தையும் ஓரத்தில் குறித்தார். அப்போது மணி பிற்பகல் நான்கு பதினேழு.